அடாஸ் உள்ள டாப் வேரியண்ட் எடுக்கலாமா? முதல்ல போனை அடக்குங்க, அப்புறம் இஎம்ஐ பேசுவோம்



கார் லோன் பத்திக் கேட்க வர்ற இளைஞர்கள் இப்போ அடிக்கடி கேட்கிற கேள்வி இது: "சார், நடு வேரியண்ட் எடுத்தா போதுமா, இல்ல கொஞ்சம் கூடப் போட்டு அடாஸ் இருக்கிற டாப் வேரியண்ட் எடுக்கவா?" ஏன் அடாஸ் வேணும்னு திருப்பிக் கேட்டா, நாலு பேர்ல ரெண்டு பேராவது சொல்ற பதில், "வண்டி ஓட்டும்போது ஆபீஸ் கால், மெசேஜ் எல்லாம் வருது சார். அடாஸ் இருந்தா ஒரு பாதுகாப்பு."

இந்தப் பதிலோட முதல் பாதி எனக்குப் புரியுது. ரெண்டாவது பாதியிலதான் எனக்குச் சண்டை. இன்னைக்கு அதை ஒரு ஆடிட்டரா, கணக்குப் போட்டே பேசலாம்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். அடாஸ்ல இருக்கிற தானியங்கி பிரேக்குக்குக் காசு கொடுக்கலாம், அது நியாயமான செலவு. ஆனா போன் பார்க்கிறதுக்கான லைசென்ஸா நினைச்சு அடாஸ் வாங்கினா, அது பணத்துக்கும் கேடு, உயிருக்கும் கேடு. போன் தொல்லையைக் குறைக்கிற டெக்னாலஜி ஏற்கெனவே உங்க பாக்கெட்டுல இலவசமா இருக்கு.

எவ்வளவு கூட ஆகும்?

ஒரு உதாரணம் எடுத்துப்போம். 2024 டிசம்பர்ல ஹோண்டா புது அமேஸை அறிமுகப்படுத்தினப்போ, இந்தியாவிலேயே குறைஞ்ச விலையில அடாஸ் உள்ள கார்னு பேசப்பட்டது. மேனுவல் கியர்ல விஎக்ஸ் வேரியண்டோட அறிமுக எக்ஸ்-ஷோரூம் விலை சுமார் 9.10 லட்சம். அடாஸ் உள்ள இசட்எக்ஸ் சுமார் 9.70 லட்சம். வித்தியாசம் 60,000 ரூபாய். 2025 செப்டம்பர்ல சின்ன கார்களுக்கு ஜிஎஸ்டி குறைஞ்ச பிறகு விலைகள் மாறியிருக்கு. ஆனா கணக்குப் போடற முறை அதேதான்.

இந்த 60,000-ஐ லோன்ல சேர்த்தா, 9.5% வட்டி, 7 வருஷம்னு வச்சுக்கிட்டா மாசம் கிட்டத்தட்ட 980 ரூபாய். மொத்தம் திருப்பிக் கட்டுறது சுமார் 82,000. இதுக்கு மேல ரோடு டாக்ஸ் தனி. தமிழ்நாட்டுல 5 லட்சத்துல இருந்து 10 லட்சம் வரைக்கும் உள்ள காருக்கு 13%, 10-ல இருந்து 20 லட்சம் வரைக்கும் 18%. அமேஸ் உதாரணத்துல ரெண்டு வேரியண்டும் 10 லட்சத்துக்குள்ள இருக்கிறதால கூடுதல் வரி 7,800 ரூபாயோட முடிஞ்சுது. ஆனா 9.9 லட்சம் வேரியண்டை விட்டுட்டு 10.5 லட்சம் வேரியண்டுக்குத் தாவினா, வரி 1,28,700-ல இருந்து 1,89,000 ஆகிடும். ஷோரூம்ல "வெறும் அறுபதாயிரம்தான் சார் கூட"ன்னு சொல்லும்போது இந்த இன்னொரு அறுபதாயிரத்தை யாரும் சொல்ல மாட்டாங்க.

கண்ணாடிச் செலவையும் மறக்காதீங்க. பல கார்கள்ல அடாஸ் கேமரா முன் கண்ணாடிக்குப் பின்னால இருக்கு. லாரியில இருந்து கல் தெறிச்சு கண்ணாடி மாத்தினா, கேமராவையும் மறுபடி சரி பண்ணணும். அதனால இந்த மாதிரி காருக்கு ஜீரோ டெப்ரிசியேஷன் ஆட்-ஆன் போடறப்போ, கண்ணாடிக்கும் கேமராவுக்கும் என்ன கவர் இருக்குன்னு படிச்சுப் பாருங்க.

அடாஸ்ல எதுக்கு மதிப்பு?

அடாஸ்னு ஒரே பேர்ல விக்கிறாங்களே தவிர, அது ரெண்டு வகைச் சாமான் கலந்த பொட்டலம்.

முதல் வகை, நீங்க தப்பு பண்ணும்போது மட்டும் வேலை செய்யறது. முன்னால வண்டி நிக்குது, நீங்க பிரேக் அடிக்கலன்னா எச்சரிக்கும். அப்பவும் அடிக்கலன்னா தானே பிரேக் போடும். ரெண்டாவது வகை, உங்க வேலையைத் தானே செய்யறது. முன்னால போற வண்டிக்கு ஏத்த மாதிரி வேகத்தைக் கூட்டிக் குறைக்கும், லேனுக்கு நடுவுல வண்டியை வச்சுக்கும். இந்த ரெண்டாவது வகைதான் "வண்டி தானா ஓடுது மச்சி"ன்னு ரீல்ஸ்ல வர்றது.

அமெரிக்காவுல இன்சூரன்ஸ் கம்பெனிகள் பணம் போட்டு நடத்துற ஐஐஎச்எஸ்-னு ஒரு ஆய்வு நிறுவனம் இருக்கு. க்ளெய்ம் கொடுக்கிறவங்க நடத்துறது, அதனால அவங்க கணக்கை நான் கொஞ்சம் கூடுதலா நம்புவேன். எச்சரிக்கையோட சேர்ந்த தானியங்கி பிரேக், முன்னால போற வண்டியில போய் இடிக்கிற விபத்துகளைப் பாதியாக் குறைக்குதுன்னு அவங்க கணக்கு சொல்லுது. ஆனா வண்டி தானா ஓடற அந்த ரெண்டாவது வகை விபத்தைத் தடுக்குதுன்னு சொல்றதுக்குப் பெரிசா ஆதாரம் இல்லைன்னு 2024-ல சொல்லிட்டாங்க. அதே வருஷம் மார்ச்ல இப்படிப்பட்ட 14 சிஸ்டங்களைச் சோதிச்சாங்க. டிரைவர் ரோட்டைப் பார்க்கிறாரா, போனைப் பார்க்கிறாரான்னு கவனிக்கிற திறமையும் அதுல சேர்த்தி. 11-க்கு "மோசம்"னு மார்க். "பரவாயில்லை" வாங்கினது ஒண்ணே ஒண்ணு.

இன்னொரு ஆய்வுல அவங்க கண்டது இன்னும் கவலை தருது. வண்டி பாதி ஓட்ட ஆரம்பிச்சதும், டிரைவர்கள் போன், சாப்பாடுன்னு வேற வேலைகளை அதிகமா செய்ய ஆரம்பிச்சாங்க. "ஸ்டீயரிங்கைப் பிடி"ன்னு எச்சரிக்கை வர்ற நேரத்தைப் பழகிக்கிட்டு, அப்போ மட்டும் ஒரு தொடு தொட்டுட்டு மறுபடி வேற வேலைக்குப் போனாங்க. பாதுகாப்புக்காக வச்சது, கவனம் சிதறுறதுக்கு வசதியாப் போச்சு.

2018 மார்ச்ல கலிபோர்னியாவுல ஒரு டெஸ்லா கார் ஆட்டோபைலட்ல ஓடிக்கிட்டிருந்தப்போ ரோட்டுத் தடுப்புல மோதி, ஓட்டினவர் இறந்தார். அவர் போன்ல கேம் ஓடிக்கிட்டிருந்ததையும், ஆட்டோபைலட்டை அளவுக்கு மேல நம்பியிருந்ததையும் அந்நாட்டு விபத்து விசாரணை வாரியம் 2020 பிப்ரவரியில சொன்னது. இங்கேயும் அடாஸ் ஆன் பண்ணிட்டு சீட்ல காலைத் தூக்கி வச்சு ரீல்ஸ் எடுத்த வீடியோக்களை நீங்க பார்த்திருப்பீங்க.

அதனால லெவல் 1, லெவல் 2-ன்னு சேல்ஸ்மேன் சொல்றதுல மயங்க வேண்டாம். ஒரே கேள்வி கேளுங்க: "தானியங்கி பிரேக் இருக்கா? பைக், நடந்து போறவங்க, ரெண்டுக்கும் அது வேலை செய்யுமா?" லெவல் 1-லயே அது இருந்தா, பாதுகாப்புக்கான பெரும் பகுதி வந்தாச்சு. மீதி சொகுசு.

நம்ம ரோட்டுல கதை வேற

காவல்கிணறு தாண்டி திருநெல்வேலி போற நாலு வழிச்சாலையில கோடு தெளிவா இருக்கும், நடுவுல தடுப்பு இருக்கும். அங்க லேன் அசிஸ்ட் ஓரளவு வேலை செய்யும். ஆனா நாம தினமும் ஓட்டறது அங்கயா? நாகர்கோவில்ல இருந்து தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை வழியா திருவனந்தபுரம் டெக்னோபார்க் வரைக்கும் வேலைக்குப் போறவங்க எத்தனை பேர்! பழைய ரெண்டு வழி ரோடு, வளைவு, ஏத்தம் இறக்கம், ரோட்டு ஓரம் முழுக்க கடை, திடீர்னு சந்துல இருந்து சாடி வர்ற பைக். கோடு அழிஞ்ச இடத்துல கேமராவுக்கு எது லேன்னு எப்படித் தெரியும்? போதாக்குறைக்கு, தென்மேற்கு, வடகிழக்குன்னு ரெண்டு பருவமழையும் வாங்குற மாவட்டம் நம்மளோடது. பெருமழையில நம்ம கண்ணுக்கே ரோடு தெரியாது, கேமராவுக்கு மட்டும் தெரியுமா?

விளைவு என்னன்னா, அடிக்கடி பீப் பீப்னு கத்தும். ரெண்டு வாரத்துல எரிச்சல் வந்து பலர் அதை ஆஃப் பண்ணிடுவாங்க. மாசம் 980 ரூபாய் கட்டி ஆஃப் பண்ணி வைக்கிறதுக்கு ஒரு ஃபீச்சர்!

இன்னொரு முக்கியமான விஷயம். நம்ம பட்ஜெட் கார்கள்ல வர்ற அடாஸ் பெரும்பாலும் வெளியே ரோட்டைத்தான் பார்க்குது, உங்க கண்ணைப் பார்க்கிறதில்லை. டிரைவர் முகத்தைக் கவனிக்கிற கேமரா, இங்க மஹிந்திரா பிஇ 6 மாதிரி விலை கூடின வண்டிகளோட மேல் வேரியண்டுகள்லதான் வருது. ஐரோப்பிய ஒன்றியம் 2024 ஜூலையில இருந்து புது மாடல் கார்களுக்கு, டிரைவர் கவனம் சிதறினா எச்சரிக்கிற வசதியைக் கட்டாயமாக்கிடுச்சு. நம்ம ஊர்ல கார்களுக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை. ஆக, நீங்க போனைக் குனிஞ்சு பார்க்கிறது உங்க காருக்குத் தெரியவே தெரியாது.

அந்த 5 செகண்டோட விலை

60 கிலோமீட்டர் வேகத்துல வண்டி ஒரு செகண்டுக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர் போகும். ஒரு மெசேஜைப் படிக்க 5 செகண்ட் எடுத்தா 83 மீட்டர். அவ்வளவு தூரம் கண்ணை மூடிக்கிட்டு ஓட்டின மாதிரி.

அபராதம் எவ்வளவுன்னு எல்லாருக்கும் தெரியும்னு நினைக்கிறேன். 2019-ல திருத்தின மோட்டார் வாகனச் சட்டத்தோட 184-வது பிரிவுப்படி, ஓட்டும்போது போனைக் கையில எடுக்கிறது அபாயகரமா ஓட்டுறதுல சேரும். முதல் தடவை 1,000-ல இருந்து 5,000 வரை அபராதம் விதிக்கலாம், சிறையும் உண்டு. களியக்காவிளை தாண்டிட்டா கேரளாவோட ஏஐ கேமரா இருக்கு. 2023 ஜூன் 5-ல இருந்து அது அபராதம் போடுது, போன் எடுத்தா 2,000 ரூபாய். ஆனா மக்களே, இதெல்லாம் சில்லறை. பெரிய தொகை வேற இடத்துல இருக்கு.

28 வயசு, கல்யாணம் ஆனவர், நிரந்தர வேலை, சம்பளம் மாசம் 50,000. மனைவி, குழந்தை, அம்மான்னு மூணு பேர் அவரை நம்பி இருக்காங்க. வேற வண்டிக்காரர் தப்பால விபத்துல இறந்துட்டார்னு வச்சுக்குங்க. உச்ச நீதிமன்றத்தோட 2009 சர்லா வர்மா, 2017 பிரணய் சேத்தி தீர்ப்புகள் சொன்ன கணக்குல நஷ்டஈடு இப்படி வரும்:

வருஷ வருமானம் 6,00,000.
எதிர்கால உயர்வுக்கு 50% கூட்டினா 9,00,000.
அவரோட சொந்தச் செலவுக்கு மூணுல ஒரு பங்கு கழிச்சா 6,00,000.
28 வயசுக்கு மல்டிப்ளையர் 17. பெருக்கினா 1,02,00,000.

ஒரு கோடியே ரெண்டு லட்சம். இப்போ அதே விபத்துல ரெண்டு பேர் மேலயும் சரிபாதித் தப்புன்னு தீர்ப்பாயம் முடிவு பண்ணினா, குடும்பத்துக்கு வர்றது 51 லட்சம்.

அவர் போனைப் பார்த்துக்கிட்டே போய் தானே மரத்துல மோதியிருந்தா? தீர்ப்பாயத்துல இருந்து கிடைக்கிறது பூஜ்யம். ஏன்னா 166-வது பிரிவுல வர்ற நஷ்டஈடு, இன்னொருத்தர் தப்புக்குக் கிடைக்கிறது, நம்ம தப்புக்கு இல்லை. 2014-ல கர்நாடகாவுல வேகமா ஓட்டிக் கார் கவிழ்ந்து இறந்த ஒருத்தரோட குடும்பம் 80 லட்சம் கேட்டு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனாங்க. 2025 ஜூலை 2-ல கோர்ட் மறுத்துடுச்சு. அங்க காரணம் வேகம். ஆனா தர்க்கம் போனுக்கும் அப்படியே பொருந்தும்.

அப்போ மிஞ்சுறது என்ன? வண்டிப் பாலிசியோட வர்ற கட்டாய தனிநபர் விபத்து கவர் 15 லட்சம். அதுவும் ஆர்சி புக் உங்க பேர்ல இருந்து, நீங்களே ஓட்டியிருந்தாத்தான். அப்பா பேர்ல இருக்கிற வண்டியை நீங்க ஓட்டினா அந்தக் கவர் உங்களுக்கு வராது. இதை எத்தனை பேர் கவனிச்சிருக்கீங்க?

எதிர்ல வந்தவர் இறந்துட்டா, அவர் குடும்பத்துக்கு இன்சூரன்ஸ் கம்பெனி கொடுக்கும். ஆனா கேஸ் உங்க மேலதான். கவனக்குறைவால மரணம் விளைவிச்சா, பாரதிய நியாய சன்ஹிதா 106-வது பிரிவுப்படி 5 வருஷம் வரை சிறை. கிரிமினல் கேஸ் நிலுவையில இருந்தா பாஸ்போர்ட் வாங்கவும் கோர்ட் அனுமதி தேவைப்படும். வீட்டுக்கு ஒருத்தர் வளைகுடாவுக்குப் போற நம்ம மாவட்டத்துல இதோட அர்த்தம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. "அடாஸ் ஆன்ல இருந்துச்சு"ன்னு சொன்னாலும் எடுபடாது. லெவல் 2 வரைக்கும் ஓட்டுறவர் நீங்கதான், கார் இல்லை.

இலவசமான அடாஸ்

ஐபோன்ல 2017-ல இருந்தே, வண்டி ஓட்டும்போது தொந்தரவு வராம வைக்கிற வசதி இருக்கு. இப்போ அதுக்குப் பேர் டிரைவிங் ஃபோகஸ். காரோட ப்ளூடூத்துல இணைஞ்சதும் தானே ஆன் ஆகிற மாதிரி வைக்கலாம். மெசேஜ் அனுப்பினவருக்கு "ஓட்டிக்கிட்டிருக்கேன், அப்புறம் பேசறேன்"னு தானே பதில் போகும். ஆண்ட்ராய்டுலயும் பல போன்கள்ல இதே மாதிரி இருக்கு. செட்டிங்ஸ்ல "டிரைவிங்"னு தேடிப் பாருங்க. அதுல இல்லன்னா "டு நாட் டிஸ்டர்ப்" எல்லாப் போன்லயும் உண்டு.

"அவசரம்னா என்ன பண்றது சார்?" ஒரே ஆள் திரும்பத் திரும்ப அழைச்சா மட்டும் மணி அடிக்கிற மாதிரி வைக்கலாம். அம்மா நம்பரை மட்டும் அனுமதிக்கலாம். அப்பவும் எடுக்கிறதுக்கு முன்னாடி ஓரமா நிறுத்துங்க. மேப்பைக் கிளம்புறதுக்கு முன்னாடியே போட்டுடுங்க. சட்டமும் ஓட்டும்போது போனை வழி பார்க்க மட்டும்தான் விடுது, அதுவும் கவனம் சிதறாத மாதிரி.

"நான் ப்ளூடூத்துலதானே பேசறேன்"னு சொல்றவங்களுக்கு: கை ஃப்ரீ, மூளை ஃப்ரீ இல்லை. அமெரிக்காவோட ஏஏஏ அறக்கட்டளை 2015-ல நடத்தின ஆய்வுல, சில கார்கள்ல குரல் கட்டளை கொடுத்து முடிச்ச பிறகும் 27 செகண்ட் வரைக்கும் கவனம் முழுசாத் திரும்பலைன்னு தெரிஞ்சுது.

பைக்ல போறவங்களுக்கு இது இன்னும் முக்கியம். உங்களுக்கு அடாஸ் விக்க யாரும் வரப்போறதில்லை. ஹெல்மெட்டுக்குள்ள போனைச் செருகிப் பேசிக்கிட்டுப் போறதை வடசேரியில தினமும் பார்க்கலாம். உங்களுக்குத் தானியங்கி பிரேக் இல்லை, ஏர்பேக் இல்லை. உங்க போன் செட்டிங் ஒண்ணுதான் உங்க அடாஸ்.

மேனேஜர்களுக்கும் இன்சூரன்ஸ்காரங்களுக்கும் ஒரு வார்த்தை

தப்பு முழுக்க ஓட்டுறவர் மேல மட்டும் இல்லை. காலை எட்டரைக்கு டீம் ஸ்டேட்டஸ் கால் வச்சா, பாதிப் பேர் ரோட்டுலதான் இருப்பாங்க. "டிரைவ் பண்ணிக்கிட்டே ஜாயின் பண்ணுங்க"ன்னு சொல்றது ஆபீஸுக்கு இலவசம், அதோட விலையைக் கட்டுறது ஊழியரோட குடும்பம். யாராவது ஓட்டிக்கிட்டே கால்ல வந்தா, "நிறுத்திட்டு கூப்பிடுங்க"ன்னு சொல்ற பழக்கத்தை நீங்க ஆரம்பிச்சு வையுங்க. மேனேஜர் ஆகிற வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.

இன்சூரன்ஸ் பக்கமும் வேலை இருக்கு. எப்படி ஓட்டுறோம்ங்கிறதைப் பொறுத்து பிரீமியம் வாங்கலாம்னு ஐஆர்டிஏஐ 2022 ஜூலையிலேயே அனுமதி கொடுத்துடுச்சு. ஓட்டும்போது போனைத் தொடாதவருக்குக் கண்ணுக்குத் தெரியற தள்ளுபடி வந்தா, நூறு விழிப்புணர்வு போஸ்டர் செய்யாததை அது செய்யும். ரின்யூவல் அப்போ கேளுங்க. கேட்கிறவங்க கூடினாத்தான் கொடுப்பாங்க.

அப்போ எதுக்கு முதல்ல பணம்?

என் வரிசை இது.

ஒண்ணு: போன்ல டிரைவிங் மோட். செலவு பூஜ்யம், நேரம் ரெண்டு நிமிஷம். இதைப் படிச்சு முடிச்சதும் போடுங்க.

ரெண்டு: டேர்ம் இன்சூரன்ஸ். 28 வயசு, புகைப் பழக்கம் இல்லாதவருக்கு 1 கோடி கவருக்கான வருஷ பிரீமியம், பெரும்பாலும் அந்த 980 ரூபாய் இஎம்ஐயோட ஒரு வருஷத் தொகைக்குப் பக்கத்துலதான் வரும். 2025 செப்டம்பர் 22-ல இருந்து தனிநபர் ஆயுள் பாலிசிக்கு ஜிஎஸ்டியும் இல்லை. விபத்து யார் தப்புன்னு டேர்ம் பாலிசி கேட்காது. தீர்ப்பாயம் கேட்கும். ரெண்டுக்கும் உள்ள இந்த வித்தியாசத்தை மறக்காதீங்க.

மூணு: இது ரெண்டும் முடிஞ்ச பிறகு, இஎம்ஐ உங்க சம்பளத்துக்குள்ள வசதியா அடங்கினா, தானியங்கி பிரேக் உள்ள வேரியண்டை தாராளமா எடுங்க. மனுஷனுக்குக் கவனம் தவறும், அதைப் பிடிக்க ஒரு கை இருக்கிறது நல்லதுதான்.

டேர்ம் பாலிசி இல்லாம, போன் மோட் போடாம, அடாஸுக்காக மட்டும் இஎம்ஐயை ஏத்திக்கிறவங்களைப் பார்த்தா, கதவைத் திறந்து போட்டுட்டு சிசிடிவி வாங்கின மாதிரிதான் எனக்குத் தோணுது. நம்ம ஊர்ப் பெரியவங்க கிளம்பும்போது சொல்ற "பைய போ மக்கா"ங்கிறதுல வேகம் மட்டும் இல்லை, கவனமும் சேர்ந்திருக்கு. அதை எந்த வேரியண்டுலயும் விலைக்கு விக்கிறதில்லை.

அடுத்த வீடியோவுல, கார் லோனை 5 வருஷத்துக்கு எடுக்கலாமா 7 வருஷத்துக்கு எடுக்கலாமான்னு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.